முப்பதுக்கு மேல் சைக்கிள்: மைதானத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரின் பள்ளி மைதானத்தில், காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கட்டணம் கிடையாது. இரண்டு பழைய லேடீஸ் சைக்கிள், ஒரு ஸ்பேனர், ஒரு காற்றடிக்கும் பம்பு, இவ்வளவுதான் முதலீடு. வருகிறவர்களில் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டியவர்கள். சைக்கிள் பழகினால் தன்மதிப்பும் வளரும் என்று அவர்களிடம் சொல்வேன். சைக்கிளைப் பற்றிக் கேட்கத் தொடங்கி, பேச்சு வேறெங்கோ போய் முடியும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே, இங்கே எழுதி வைக்கிறேன்.

தன்மதிப்பு வளரும்னு சொல்றீங்களே அக்கா, அதுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் வீட்டிலிருந்தே சொல்கிறேன். எனக்கு ஏழு வயதாகும்வரை அம்மாவுக்கு எங்கே போவதென்றாலும் இரண்டே வழிதான். நாளுக்கு இரண்டு முறை வரும் பஸ், இல்லாவிட்டால் அப்பா. பஸ்ஸை விட்டால் அன்றைய வேலை போயிற்று. அப்பாவுக்கு நேரம் இல்லையென்றாலும் போயிற்று. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று தெரிந்தும், கேனைத் திண்ணையில் வைத்துக்கொண்டு அப்பா வரும் வழியைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

1992-இல் அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் அப்பாவின் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார். முன்பார் கம்பியில் ஒரு பழைய துண்டைச் சுற்றிக் கட்டி, அதில் என்னை உட்கார வைப்பார். அந்தத் துண்டின் முடிச்சு தொடையில் அழுத்திய இடம் இன்றும் நினைவிருக்கிறது. முதலில் ரேஷன் கடை, பிறகு சந்தை, பிறகு பேங்கு. ஆறு மாதத்தில் அம்மாவின் பேச்சே மாறிவிட்டது. "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றிருந்த பெண், "நாளைக்கு வந்து பாக்குறேன்" என்றார்.

யாரும் அம்மாவை உட்கார வைத்து "உன்னை நீ மதிக்கக் கற்றுக்கொள்" என்று வகுப்பு எடுக்கவில்லை. தினமும் ஒரு வேலையைத் தானே போய்த் தானே முடித்துவிட்டு வந்தார். மதிப்பு அந்த வேலைக்குப் பின்னால் தானாக வந்து சேர்ந்தது. நான் சொல்லவருவது இந்த வரிசையைத்தான். முதலில் செயல், பிறகு தன்மதிப்பு. பலர் இதைத் தலைகீழாக எதிர்பார்த்து, "தைரியம் வரட்டும், அப்புறம் செய்றேன்" என்று காத்திருக்கிறார்கள்.

1992-ல என்ன நடந்துச்சு? ஏன் எல்லாரும் ஒரே சமயத்துல கத்துக்கிட்டாங்க?

அது அறிவொளி இயக்கத்தின் காலம். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் அது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். உள்கிராமங்களுக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டிய பெண் தொண்டர்களுக்கே போக வழியில்லை என்பதில் பிறந்த யோசனை அது. படிக்கத் தெரிந்தும் ஊரைத் தாண்ட முடியாவிட்டால் அந்தப் படிப்பு எதற்கு உதவும்? பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று மாவட்டம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று சுமார் 1,500 பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்தில் ஊர்வலம் போனார்கள். கற்றுக்கொண்ட பெண்களே அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பின்னால் கேரியரைப் பிடித்து ஓடியவர் பக்கத்துத் தெரு அத்தை. அவருக்கே ஒரு மாதத்துக்கு முன்புதான் ஓட்டத் தெரிந்திருந்தது.

கேலி செய்தவர்கள் நிறையப் பேர். பெண்களின் நடத்தையைப் பற்றியே பேசினார்கள். ஆனால் தெருவில் ஒருத்தி ஓட்டினால்தான் அது பேச்சு. பத்துப் பேர் ஓட்டினால் வெறும் போக்குவரத்து.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கைக்கு அவர் நான்கு ஊற்றுக்கண்களைச் சொன்னார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பின் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. புதுக்கோட்டையில் முதல் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே தெருவில் நடந்தன.

எனக்கு 43 வயசாகுது. இனிமே வருமா?

வரும். என்னிடம் கற்றவர்களில் மூத்தவருக்கு 58 வயது. சின்னப் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். முழங்கால் தேய்மானம், தலைசுற்றல், சமீபத்திய அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

எப்படித் தொடங்குறது? யாராவது பின்னாடி பிடிச்சுக்கிட்டே ஓடணுமா?

வேண்டாம். அம்மா காலத்து முறை அது. பிடித்துக்கொள்கிறவர் கை எடுத்தாரா இல்லையா என்று திரும்பிப் பார்த்தே பாதிப் பேர் விழுந்தார்கள். நான் சொல்லித்தரும் முறையில் தனியாகவே கற்கலாம்.

முதலில் பெடல் இரண்டையும் கழற்றிவிடுகிறேன். ஒரு சங்கதி: வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கம் திருகினால் கழலும். இடது பெடலை வலப்பக்கம் திருகினால்தான் கழலும், அதன் மரை தலைகீழ். இது தெரியாமல் மல்லுக்கட்டி மரையைத் தேய்த்தவர்கள் உண்டு. பிறகு சீட்டை நன்றாக இறக்கிவிடுவேன். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். பயத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

முதல் இரண்டு நாள் சீட்டில் உட்கார்ந்து நடப்பது மட்டும்தான். சும்மா, தரையைக் காலால் தள்ளித் தள்ளி. மூன்றாம் நாள் மைதானத்தின் லேசான சரிவில் தள்ளிவிட்டுக் காலைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். ஐந்து அடி, பத்து அடி, இருபது அடி. பேலன்ஸ் என்பது இதுதான். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், சாய்கிற பக்கமே லேசாகத் திருப்பினால் வண்டி தானே நிமிரும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. எதிரே தெரிகிற வேப்பமரத்தில் இருக்கட்டும். இருபது அடி உருளத் தெரிந்தபின் பெடலை மாட்டினால், அன்றே ஓட்டிவிடுவார்கள்.

பிரேக்கையும் முதல் நாளே பழக வேண்டும். உருளத் தொடங்குமுன் நிறுத்தத் தெரியட்டும். இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் சடக்கென்று பிடித்தால் தலைகுப்புறத் தூக்கிவிடும்.

போன மாதம் ஒருவர். தையல் வேலை செய்பவர். பதினோரு நாள் தரையை உதைத்து உருள்வதிலேயே இருந்தார். பெடல் மாட்டலாமா என்றால் "நாளைக்கு" என்பார். பன்னிரண்டாம் நாள் அவரே ஸ்பேனரை எடுத்து வந்து நீட்டினார். மாட்டிக்கொடுத்தேன். கோல்போஸ்ட் வரை போனார். திரும்பத் தெரியாததால் அங்கேயே இறங்கி, வண்டியைத் திருப்பி வைத்து, மறுபடி ஏறி வந்தார். வந்தவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை போனார். அன்று மொத்தம் ஒன்பது முறை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

விழுந்துட்டேன். முட்டி பேந்துடுச்சு. இனி வேணாம்னு தோணுது.

சோப்புப் போட்டுத் தண்ணீரில் காயத்தைக் கழுவுங்கள். அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, மணிக்கட்டு வீங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி போட்டு வருடக்கணக்கானவர்கள் டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வலியைவிட "எல்லாரும் பாத்துட்டாங்க" என்பதுதான் உறுத்துகிறது, இல்லையா? அதை நான் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆணோ பெண்ணோ, பத்து வயதில் எல்லார் முன்னாலும் விழுந்து எழுந்திருந்தால் அந்த வெட்கம் அந்த வயதோடு போயிருக்கும். நம் ஊர்ப் பையன்கள் குரங்குப் பெடல் போட்டு விழாத தெரு உண்டா? நமக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை. முப்பது வருடம் தள்ளிப்போட்ட விழுதலை இப்போது விழுகிறோம். முட்டியில் பொருக்குத் தட்டியதும் வந்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், பயம் அதற்குள் வேர்விட்டுவிடும்.

தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு "நான் தைரியசாலி, என்னால முடியும்"னு சொல்லச் சொல்றாங்களே, அது உதவுமா?

ஏற்கெனவே தன்மேல் நம்பிக்கை இருப்பவர்களுக்குக் கொஞ்சம் உதவலாம். நம்பிக்கை குறைவாக இருப்பவர்களுக்குத் திருப்பி அடிக்கவும் கூடும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் குழுவினர் 2009-இல் இதைச் சோதித்தார்கள். "நான் அன்புக்குரியவள்" என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள் சொல்லி முடித்தபின், சொல்லாமலே இருந்தவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருக்கும் குரல் "பொய்" என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில்தான் மனதில் தங்குகிறது.

சொல்லியே ஆக வேண்டுமென்றால் நடந்ததைச் சொல்லுங்கள். "நேற்றுக் கோல்போஸ்ட் வரை போனேன்." இதை உள்ளே இருக்கும் எந்தக் குரலும் மறுக்க முடியாது.

21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு.

அது ஒரு மருத்துவர் சொன்னது காற்றில் திரிந்து வந்த வடிவம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை நிபுணர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகிக்கொள்ளக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் சாப்பிடுவது, குடிப்பது, உடற்பயிற்சி செய்வது போன்ற ஏதோ ஒரு சின்னப் பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். யோசிக்காமல் செய்யும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை 18 நாளிலிருந்து 254 நாள் வரை அது வேறுபட்டது (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிய நாட்கள் கணக்குப் போட்டு மதிப்பிட்டவை). ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் ஏதும் வரவில்லை என்றும் கண்டார்கள். இதை நான் முக்கியமாகச் சொல்வேன். நம் பெண்கள் ஒரு நாள் விட்டாலே "எனக்கு ஒழுங்கே கிடையாது" என்று மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். மாமியாருக்குக் காய்ச்சல், பையனுக்குப் பரீட்சை, வீட்டில் விசேஷம், ஒரு நாள் விட்டுத்தான் போகும். மறுநாள் வாருங்கள்.

காலையில நேரமே இல்லையே. டிபன் யார் செய்வா?

இந்தக் கேள்விக்கு என்னிடம் எளிய பதில் இல்லை. அரை மணி நேரம் என்பது சிலருக்கு உண்மையிலேயே பெரிய தொகை. நாலு மணிக்கு எழுந்து இரண்டு வேலையும் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தூக்கத்தைக் குறைத்துச் சுதந்திரம் வாங்குவது நல்ல வியாபாரம் கிடையாது.

வாரத்தில் மூன்று நாள் போதும். அந்த மூன்று நாளும் முந்தைய இரவு மாவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இட்லி ஊற்றும் வேலையை வீட்டில் இன்னொருவர் கையில் கொடுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இட்லி ஊற்றத் தெரியாமல் இருப்பதும் பிள்ளைக்கு நல்லதில்லை. முதல் வாரம் இட்லி கல்லாக வரும். நீங்களும்தான் முதல் வாரம் விழுகிறீர்கள். நாளையும் நேரத்தையும் முன்பே முடிவு செய்து வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "முடிஞ்சா போறேன்" என்றால் ஒருநாளும் முடியாது. "செவ்வாய், வியாழன், சனி, வாசல் தெளிச்சதும் போறேன்" என்றால் பெரும்பாலும் நடக்கும்.

புடவையில ஓட்டலாமா?

ஓட்டலாம். கொசுவத்தைச் சேர்த்துப் பின் குத்தி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சுடிதார் என்றால் துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போடுங்கள். செயின் கவர் இருக்கும் வண்டியாக வாங்குங்கள், பின்சக்கரத்துக்குச் சேலை வலையும் போட்டுக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கு நாள்ல ஓட்டினா கர்ப்பப்பைக்கு ஆகாதாமே?

அப்படி எதுவும் இல்லை. வலி இருந்தால் ஓய்வெடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் புதிதாகக் கற்க வேண்டாம், விழும் அபாயம் இருக்கிறது. பிரசவம் முடிந்து டாக்டர் சரியென்றதும் வரலாம்.

வீட்டுக்காரர் வேணாங்கறார். மாமியார் "நாலு பேர் என்ன சொல்வாங்க"ங்கறாங்க.

முதலில், "வேண்டாம்" என்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சிலருக்கு அது உண்மையான பயம். லாரி ஓடும் ரோட்டில் இவள் விழுந்துவிட்டால் என்ற பயம். அந்தப் பயத்துக்கு மைதானம்தான் பதில். ஒருநாள் கூட்டி வந்து காட்டுங்கள். பார்த்துவிட்டுப் போன கணவர்களில் இருவர் மறுவாரம் சைக்கிளுக்குப் புது டயர் மாட்டிக்கொடுத்தார்கள்.

மாமியாரிடம் வாதம் வேண்டாம். "அத்தை, உங்க காலத்துல அறிவொளி வந்துச்சே, நீங்க போகலையா?" என்று கேட்டுப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் அந்த வயதுப் பெண்களில் பலரிடம் ஒரு கதை இருக்கும். கற்றுக்கொண்ட கதை, இல்லாவிட்டால் போக விடாத கதை. ஒரு வீட்டில் இந்தக் கேள்விக்குப் பிறகு அந்த அத்தையே பேரனைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். 1992-இல் அவரை அவருடைய மாமியார் விடவில்லையாம்.

சில வீடுகளில் இது சைக்கிளோடு நிற்பதில்லை. கடைக்குப் போனாலும் கேள்வி, போனை எடுத்துப் பார்ப்பது, கையில் காசு தராமல் வைப்பது, அடி. அங்கே நான் "பொறுமையாகப் பேசுங்கள்" என்று சொல்ல மாட்டேன். பெண்களுக்கான உதவி எண் 181. எந்த நேரமும் கூப்பிடலாம். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்க 2005-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. பணத்தைத் தராமல் ஒடுக்குவதையும் அது வன்முறை என்றே சொல்கிறது.

எனக்குச் சைக்கிள் சரிப்படாது. வேற என்ன பழக்கம் வெச்சுக்கலாம்?

சைக்கிள் எனக்குத் தெரிந்த வாசல், அவ்வளவுதான். இதுவரை வேறொருவர் உங்களுக்காகச் செய்து தந்த ஒன்றை, இனி நீங்களே செய்வது. அந்தக் குணம் இருக்கும் எந்தப் பழக்கமும் சரி.

என் அம்மாவின் இரண்டாவது பழக்கம் ஒரு நாற்பது பக்க நோட்டு. அறிவொளியில் எழுதப் படித்த கையோடு வரவு செலவு எழுதத் தொடங்கினார். இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது. "கீரை 2 ரூ, சோப்பு 4 ரூ, தம்பி மருந்து 11 ரூ." எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கூட்டல் சரியாக இருக்கும். மூன்று மாதம் கழித்து அப்பா "காசெல்லாம் எங்க போகுது?" என்று சத்தம் போட்டபோது அம்மா பதில் சொல்லவில்லை. நோட்டை எடுத்து முன்னால் வைத்தார். அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழவே இல்லை.

நீங்களும் அதைச் செய்யலாம். இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம் போதும். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய அரசின் மகளிர் உரிமைத்தொகை, தகுதியுள்ள பெண்களின் கணக்கிலேயே வருகிறது. அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது? நம்பர் யாருக்குத் தெரியும்? இந்த மாதம் நீங்களே போய் எடுங்கள். மிஷின் முன் கை நடுங்கினால் பாஸ்புக்கோடு கவுன்டருக்குப் போங்கள். அடுத்த மாதம் மிஷின்.

அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. வாரம் ஒருநாள், துணை இல்லாமல், ஒரு வேலையாக ஏறி இறங்கி வாருங்கள். கரண்ட் போனால் ஈபி ஆபீசுக்கு நீங்களே போன் போடுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பதற்குக் கணவர் பதில் சொல்லுமுன் உங்கள் வலியை நீங்களே சொல்லுங்கள். இந்தக் கடைசிப் பழக்கம் எல்லாவற்றையும்விடக் கடினம் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பிக்காதீர்கள். ஒன்று. அது பல் துலக்குவது போலப் பழகியபின் அடுத்தது.

"முடியாது"ன்னு சொல்லவே வரமாட்டேங்குது.

சின்னதில் தொடங்குங்கள். கடைக்காரர் சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டினால், "வேணாம்ணே, சில்லறையே குடுங்க." இதைச் சொல்லிப் பழகிய வாய்க்கு, "இந்த ஞாயித்துக்கிழமை என்னால வர முடியாது அண்ணி" என்பதும் ஒருநாள் வரும். காரணம் சொல்லாதீர்கள். ஒரு காரணம் சொன்னால் அதை உடைக்க எதிரே ஒரு யோசனை வரும்.

எனக்குன்னு நேரம் எடுத்துக்கிறது சுயநலம் இல்லையா?

இந்தக் கேள்வியை ஆண்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. டீக்கடையில் பேப்பர் படிக்கும் அரை மணி நேரத்தை யாரும் சுயநலம் என்பதில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கு அது தேவை. உங்களுக்கும் தேவை.

இந்த மண்ணில் சுயமரியாதை என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு தமிழ்நாட்டில் சட்டமானது 1989-இல். அறுபது வருடம். நமக்குச் சேர வேண்டியதை நாம் கேட்பதற்குச் சுயநலம் என்ற பெயர் பொருந்தாது.

எதுலயும் பிடிப்பே இல்ல அக்கா. எழுந்திரிக்கவே தோணல. சைக்கிள் ஓட்டினா சரியாயிடுமா?

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், தயவுசெய்து முதலில் டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு மருத்துவம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலேயே மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், செலவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நாளைவரை காத்திராமல் இப்போதே கூப்பிடுங்கள், பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள். மைதானம் எங்கேயும் போய்விடாது. குணமாகி வாருங்கள். குணமாகிக்கொண்டிருக்கும்போதும் வந்து மரத்தடியில் உட்காரலாம், ஓட்ட வேண்டிய கட்டாயமில்லை.

சைக்கிள் வந்துடுச்சு. அடுத்து ஸ்கூட்டியா?

பேலன்ஸ் வந்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது. முதலில் எல்எல்ஆர் போடுங்கள். அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஆர்டிஓ முன் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கலாம். எட்டு என்றதும் பயப்படாதீர்கள், மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுத் தருகிறேன். ஹெல்மெட் வாங்கியபின் வண்டியைத் தொடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்வேன். வண்டி வாங்கினால் ஆர்சி புக் உங்கள் பேரில் இருக்கட்டும்.

நல்லா ஓட்ட வந்ததும் முதல்ல எங்க போறது?

அதை நான் சொல்லக் கூடாது. ஒருவர் பிறந்த வீட்டுக்குப் போனார், ஏழு கிலோமீட்டர். ஒருவர் தன் ஊர்க் கண்மாயைச் சுற்றி வந்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாக அந்த ஊரில் இருந்தும், அதன் மறுகரையை அன்றுதான் பார்த்தாராம்.

அந்தத் தையல்காரப் பெண் போனது மாவு மில்லுக்கு. அதுவரை அரிசி திரிக்கக் கணவர்தான் போவார், அவர் போகும் நாளில்தான் புட்டு. ஒரு சனிக்கிழமை காலை அரிசியைத் தூக்குவாளியில் போட்டு, கேரியரில் ரப்பர் வாரால் கட்டிக்கொண்டு தானே போனார். வரிசையில் நின்று திரித்து வாங்கிக் கிளம்பினார். இரண்டு கிலோமீட்டர் வழி முழுக்க, வாளியின் சூடு முதுகில் பட்டுக்கொண்டே வந்ததாம்.